வார்த்தை எடுத்துக் கொடுக்கிற பழக்கம்

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அழுததற்கு நான் ஒன்றும் பதில் சொல்லவில்லை. சாப்பிட்டாயா, குளிர் எப்படி இருக்கிறது என்று என்னென்னவோ கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். பக்கத்தில் உங்க நைனா உட்கார்ந்திருந்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நீ பேசியது முழுக்க அவர் காதில் விழுந்தது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே உன்னோடு பேச எனக்கு வாய் வரவில்லை. அதோடு, உள்ளதைச் சொன்னால், அசதி. இப்போதெல்லாம் சாயங்காலமானால் ஒருத்தருக்கு ஆறுதல் சொல்கிற அளவுக்குக்கூட என்னிடம் தெம்பு மிச்சமிருப்பதில்லை. இன்றைக்கு அங்கன்வாடி சீக்கிரம் முடிந்தது, உங்க நைனா தூங்குகிறார், அதனால் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது, நானும் பாதியில் போனை வைக்க முடியாது. முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பெரிதாக்கிப் படித்துக்கொள்.

நீ சொன்னதை எனக்கு விளங்கியவரை திரும்பச் சொல்கிறேன், சரியா பார். உன் வார்டில் காலில் புண்ணோடு ஒரு பெரியவர் இருக்கிறார். கட்டு மாற்ற நீ போனாய். என்ன செய்யப் போகிறாய் என்று அவர் கேட்டார். ஜெர்மன் பாஷையில் கட்டுக்கு என்ன வார்த்தை என்பது உனக்கு வரவில்லை. கையைக் காட்டினாய், காலைக் காட்டினாய். அவர் பயந்துபோய்க் காலை இழுத்துக்கொண்டார். நீ வராந்தாவுக்கு ஓடிப்போய் போனில் தேடிப் பார்த்துவிட்டு வருவதற்குள் அவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். மேல் நர்ஸ் வந்து சமாதானம் செய்தாள். அன்றிலிருந்து அவள் உன்னிடம் இங்கிலீஷில்தான் பேசுகிறாள். "திருப்பதில எத்தினி வாட்டி படிச்ச வார்த்தமா அது. பரீட்சைல கூட எழுதுனேன். எதுர்ல ஆளு நின்னா ஒண்ணும் வர்ல. எனுக்கு இந்த பாஷ வராதும்மா. வேலய எழுதிக் குடுத்துட்டு வந்துட்றேன். நைனாவயாச்சும் பாத்துக்கினு இருக்கேன்" என்றாய். அடுத்து வரும் பரீட்சையில் தேறினால்தான் உன்னை அங்கே முழு நர்ஸாக ஒத்துக்கொள்வார்கள் என்பது எனக்குத் தெரியும். அதற்குப் போகாமலே கிளம்பிவிடலாம் என்று நீ நினைப்பதும் தெரிகிறது.

அந்தப் பாஷையைப் பற்றி நான் உனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு அதில் வணக்கம்கூட சரியாக வராது. ஆனால் வார்த்தை வராமல் தவிக்கிற ஒரு மனிதரோடு இரண்டு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறேன். அது எப்படிப் போகும், எப்படித் திரும்பி வரும் என்று உட்கார்ந்து பார்த்ததைத் தவிர இந்த இரண்டு வருஷத்தில் நான் வேறொன்றும் பெரிதாகச் செய்துவிடவில்லை. அதில் கண்டதை உனக்குச் சொல்கிறேன்.

முதலில் நம் ஊர்க்காரர்களைப் பற்றியே சொல்ல வேண்டும். ஆந்திர எல்லையோரம், விஜயபுரம் பக்கத்துப் பிள்ளைக்குப் பாஷை என்றால் பயமே கிடையாது. வீட்டில் தமிழ், பஸ்ஸில் தெலுங்கு, ஆபீஸில் தெலுங்கு, கல்யாண வீட்டில் இரண்டும். ஜெர்மனி போகிறேன் என்று நீ சொன்னபோது, "நம்ம பையனுக்கு பாஷயா ஒரு கஷ்டம்" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும்தான் சொன்னேன். அது எவ்வளவு தப்பு என்று இப்போது புரிகிறது. உங்க நைனா சித்தூர் மண்டிக்கு மாங்காய் லோடு அடித்த காலத்தில் எப்படிப் பேசுவார், ஞாபகம் இருக்கிறதா? "தொந்தரகா எறக்குங்கப்பா, சாயங்காலம் மள்ளி ஒரு லோடு கீது" என்பார். சீக்கிரம், மறுபடி என்பதற்கெல்லாம் தமிழ் வார்த்தை வாயில் வராவிட்டால் தெலுங்கு வந்து நிற்கும், தெலுங்கு வராவிட்டால் தமிழ். எதிரில் இருப்பவனுக்கும் இரண்டும் தெரியும். நாம் ஒரு வார்த்தைக்காக நின்றதே இல்லை. நின்றாலும் அடுத்தவன் விடமாட்டான், முந்திக்கொண்டு எடுத்துக் கொடுத்துவிடுவான். அதைத்தான் நம் பக்கத்தில் மரியாதை என்று வைத்திருக்கிறோம். வாயில் வராத வார்த்தையை மனசுக்குள் போய்த் தேடி எடுத்துவருகிற வேலையை நாம் பிறந்ததிலிருந்து ஒருநாளும் செய்ததில்லை, கண்ணு. பாஷை தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நமக்குத் தெரிந்ததெல்லாம் தப்பித்துக்கொள்ளும் வித்தைதான்.

நீ திருப்பதி ஹாஸ்டலில் தங்கி ஜெர்மன் வகுப்புக்குப் போன காலத்தில் எப்படிப் படித்தாய் என்று நினைத்துப் பார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால் வார்த்தையையும் அர்த்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு சத்தம் போட்டுப் படிப்பாய். திரும்பத் திரும்பப் படிப்பாய். படிக்கப் படிக்க எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும், ஏனென்றால் அர்த்தம் கண்ணெதிரிலேயே இருக்கிறது. அதுவும் எடுத்துக் கொடுக்கிறதுதான், புத்தகம் எடுத்துக் கொடுக்கிறது. அப்புறம் வீடு பூராவும் பேப்பர் ஒட்டினாய். கதவில் ஒன்று, பிரிட்ஜில் ஒன்று, என் உப்பு டப்பாவில் ஒன்று. அந்த டப்பாவை நான் தினமும் திறக்கிறேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நீயே முதல் வாரம்தான் அதையெல்லாம் பார்த்தாய், அதற்கப்புறம் பேப்பரும் சுவரும் உனக்கு ஒன்றாகிவிட்டது. முதல் பரீட்சையில் பேச்சுப் பகுதியில் கோட்டைவிட்டாய். வந்து படுத்துக்கொண்டு சாப்பிடமாட்டேன் என்றாய். நான் மாஸ்டரைத் திட்டினேன்.

அதற்கப்புறம்தான் உங்க நைனாவுக்குப் பக்கவாதம் வந்தது. வாய் ஓயாமல் பேசிய மனுஷன். மண்டியில் இவர் வந்தால் ரேடியோ வந்துவிட்டது என்பார்கள். திருப்பதி ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்தபோது கை கால் ஓரளவு தேறியிருந்தது, பேச்சு மட்டும் போயிருந்தது. "அது... அது..." என்பார். உடனே நான், தண்ணியா, காபியா, போர்வையா, ஃபேனா என்று அடுக்குவேன். ஏதோ ஒன்றுக்குத் தலையாட்டுவார். பார்க்க வருகிறவர்களும் அப்படியே. அவர் வாயைத் திறப்பதற்குள் நாலு பேர் நாலு வார்த்தை நீட்டுவோம். பாசம்தான், வேறென்ன. கொஞ்ச நாளில் அவர் "அது" என்பதையும் விட்டுவிட்டார். கையை மட்டும் நீட்டினார். மறுபடி திருப்பதிக்குக் கூட்டிப்போனபோது பேச்சுப் பயிற்சி தரும் அந்தச் சின்னப் பெண், என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அம்மா, மீரு செப்பகண்டி. ஆயன்னே செப்பனிவ்வண்டி" என்றாள். நீங்கள் சொல்லாதீர்கள், அவரையே சொல்ல விடுங்கள் என்று. எனக்குக் கோபம் வந்தது. தாகத்தில் இருக்கிறவரிடம் வார்த்தை சொன்னால்தான் தண்ணீர் என்று சொல்லச் சொல்கிறாளே என்று. அவள் சொன்னது அதுவல்ல. கேட்டதைக் கொடுங்கள், ஆனால் முதலில் கொஞ்சம் பொறுங்கள், தேடட்டும் என்றாள். தேடுகிறபோதுதான் தேறும் என்றாள்.

அந்தப் பொறுப்பது இருக்கிறதே, சமைப்பதைவிட, துணி துவைப்பதைவிட அதுதான் என்னைக் களைப்பாக்கியது. ஒரு மனிதன் எதிரில் உட்கார்ந்து வார்த்தைக்குத் தவிக்கிறபோது வாயை மூடிக்கொண்டு இருப்பது லேசு இல்லை. நான் எத்தனையோ நாள் தோற்றுப்போயிருக்கிறேன். நீதான் அதை விளையாட்டாக்கினாய். அந்தப் பெண் கொடுத்த படக் கார்டுகளைக் கவிழ்த்து வைத்து, ஒவ்வொன்றாகத் திருப்புவாய். அவர் தமிழிலோ தெலுங்கிலோ சொல்ல வேண்டும், நீ ஜெர்மனில் சொல்ல வேண்டும். யாரும் யாருக்கும் எடுத்துக் கொடுக்கக்கூடாது. ஒருநாள் கத்தரிக்கோல் படம் வந்தது. நீ முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அவர் தொண்டையைச் செருமி, "கத்... கத்தெர" என்றார், தெலுங்கில். உனக்கு வரவே இல்லை. அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "இன்னாடா... நர்சு" என்றார். நோய் வந்தபிறகு அவர் சேர்ந்தாற்போல் சொன்ன முதல் இரண்டு வார்த்தை உன்னைக் கிண்டல் பண்ணத்தான். எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம் நீ பிறந்த அன்றைக்குக்கூட வரவில்லை, அன்றைக்கு வலிதான் அதிகம். அடுத்த பரீட்சையில் நீ தேறினாய். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான் தேறினாய் என்று நான் நினைக்கிறேன். நீ மாஸ்டருக்கு ஸ்வீட் பாக்கெட் வாங்கிப்போனாய்.

இப்போது அங்கே என்ன செய்கிறாய்? நீயே சொன்னாய், ரூமுக்கு வந்ததும் போனில் வார்த்தைகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே தூங்கிவிடுகிறேன் என்று. பழையபடி அர்த்தத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்துவிட்டாய். அதை விடு, கண்ணு. அர்த்தத்தைக் கையால் மறைத்துக்கொள். முதலில் உன்னை நீயே கேள். வராவிட்டால் உடனே பார்க்காதே, கொஞ்சம் தவி. அப்புறம் பார். நாளைக்கு ஒருதரம் கேள், வந்துவிட்டால் இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டு, பாதி மறக்கிற நேரம் பார்த்து மறுபடி கேள். அந்தப் பேச்சுப் பயிற்சிப் பெண் உங்க நைனாவுக்கு அப்படித்தான் செய்தாள். நேற்று வந்த வார்த்தையை இன்றைக்குக் கேட்கமாட்டாள், அவர் மறந்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிற நாளில் சரியாக எடுத்துக் கேட்பாள். கஷ்டப்பட்டு வந்த வார்த்தைதான் அவரிடம் தங்கியது. சுலபமாக வந்ததெல்லாம் போய்விட்டது.

ஒரே நாளில் அள்ளிப் போட்டுக்கொள்ளவும் செய்யாதே. என் அங்கன்வாடிக்குத் தெலுங்குப் படம் போட்ட சார்ட் அனுப்பியிருக்கிறார்கள். பிள்ளைகள் எல்லாம் தமிழ்ப் பிள்ளைகள். யானைக்கு ஏனுகு, ஒட்டகத்துக்கு ஒண்டெ என்று நான் குச்சியால் காட்டிக் காட்டிச் சொல்லித் தொண்டை வற்றியதுதான் மிச்சம். ஆனால் முட்டைக்குக் குட்டு என்கிற வார்த்தையை யாருக்கும் நான் சொல்லிக் கொடுத்ததே இல்லை. முட்டை வேகிற வாசம் வந்ததும் "டீச்சர், குட்டு, எனுக்கு ரெண்டு குட்டு" என்று கத்துகிறார்கள். கையில் சூடாக வந்து விழுகிறது, வயிற்றுக்குள் போகிறது, அதனால் நிற்கிறது. நீயும் யானையையும் ஒட்டகத்தையும் விடு. அன்றைக்கு வார்டில் உன் கைபட்டதை எடுத்துக்கொள். கட்டு என்று தனியாகப் படிக்காதே. "உங்கள் கட்டை மாற்றப் போகிறேன், கொஞ்சம் வலிக்கும்" என்று முழு வாக்கியமாக, அந்தப் பெரியவர் எதிரில் படுத்திருக்கிற மாதிரி நினைத்துக்கொண்டு சொல்லிப் பார். இன்னொன்று, ஒன்றுபோலத் தோன்றுகிறதையெல்லாம் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாதே. ஒரு தடவை நான் சிவப்பு, மஞ்சள், பச்சை எல்லாவற்றையும் ஒரே காலையில் சொல்லிக் கொடுத்துவிட்டு, தீபாவளி வரை பிள்ளைகள் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிச் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்று ஊறட்டும், அப்புறம் அடுத்தது.

எதிரில் ஆள் நின்றால் வரவில்லை என்றாய். வராது, சில நேரம் யாருக்கும் வராது. உங்க நைனாவுக்குப் போன மாசம் தலையணை வரவில்லை. பழைய மனுஷனாக இருந்தால் தெலுங்குக்குத் தாவியிருப்பார், இப்போது அதுவும் கைகொடுக்கவில்லை. "தலைக்கு... கீழ... மெத்துன்னு" என்றார். நான் எழுந்துபோய் எடுத்து வந்தேன். தலையணை என்று சொல்லவில்லை, ஆனால் தலையணை வந்துவிட்டது பார். கட்டு என்கிற வார்த்தை வராவிட்டால், வெள்ளைத் துணி, காலில் இருப்பது, புதுசாகப் போடுகிறேன் என்று அந்தப் பாஷையிலேயே சுற்றி வா. இங்கிலீஷுக்கும் தாவாதே, போனுக்கும் ஓடாதே. உன் மேல் நர்ஸ் இங்கிலீஷில் பேசுவது உன்னை மட்டம் தட்டுவதற்கு இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. அவளும் என்னைப்போல ஒருத்தி, பார்க்கப் பொறுக்காமல் எடுத்துக் கொடுக்கிறாள். நீயே அவளிடம் போய், எனக்கு ஜெர்மனிலேயே சொல்லுங்கள், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேள். கேட்க வெட்கமாக இருந்தால், நான் பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்களிடம்கூட "அவரையே சொல்ல விடுங்க" என்று சண்டை போட்டதை நினைத்துக்கொள். அந்தப் பெரியவர் சுவர் பக்கம் திரும்பியது உன்மேல் கோபத்தில் என்று முடிவு கட்டாதே. சுவர் பக்கம் திரும்பிப் படுக்கிற ஒருவரோடு நான் குடித்தனம் செய்கிறேன். பெரும்பாலும் அது வெறும் அசதிதான்.

இனி நீ வருகிறேன் என்றதைப் பற்றி. நீ வந்தால் எனக்கு நல்லது, அதில் பொய் சொல்லமாட்டேன். அவரைக் குளிக்கவைக்கக் கை கொடுக்க ஒருத்தர் இருந்தால் என் முதுகு தப்பிக்கும். ராத்திரி நிம்மதியாகத் தூங்குவேன். ஆனால் ஒரு வார்த்தை வரவில்லை என்பதற்காக வராதே. அப்படி வந்தால் இங்கே சும்மா இருக்கமாட்டாய். மனசு வெந்துகொண்டிருக்கும், பாவம் நைனா என்று அவர் வாயைத் திறப்பதற்குள் நீயே சொல்லிவிடுவாய். வீட்டில் அப்படி எடுத்துக் கொடுக்க ஏற்கெனவே நான் ஒருத்தி போதும். பரீட்சைக்குப் போ. தேறாவிட்டால் அப்போது பேசிக்கொள்ளலாம் என்பதுதான் என் எண்ணம். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன், இத்தோடு முடித்திருக்கவும் வேண்டும்.

ஆனால் ஒன்றை உன்னிடம் மறைக்க எனக்கு மனசு வரவில்லை. நீ கிளம்பிய அன்றைக்கு வாசலில் கார் நின்றது. உங்க நைனா உன் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தார். உதடு அசைந்தது, வார்த்தை வரவில்லை. நீ அசையாமல் நின்றாய். டிரைவர் ஹாரன் அடித்தான், மெட்ராஸ் போய்ச் சேர நேரமாகிவிட்டது என்று எனக்குப் பதற்றம். "பத்திரமா போய்ட்டு வான்றாருடா, ஏறு" என்று நானே சொல்லி உன்னை வண்டியில் ஏற்றிவிட்டேன். அவர் உன் கையை விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். நீ போய் இறங்கியதும், நைனா என்ன சொல்ல வந்தார் என்று கேட்டாய். அதுதான், பத்திரமாகப் போய்வா என்று, என்றேன். எனக்குத் தெரியாது என்பதுதான் நிஜம்.

முந்தாநாள் வியாழக்கிழமை காலையில் நான் பாலை அடுப்பில் ஏற்றிவிட்டு அவருக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ அழுததிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. திடீரென்று என் கையைப் பிடித்து நிறுத்தினார். "பையன்" என்றார். பொறுத்தேன். "அன்னிக்கி... காரு" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டது, வழிந்து தீய்கிற வாசமும் வந்தது. எழுந்து போகவில்லை. அவர் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது, நெற்றியில் வேர்த்தது, என் கையை விடவில்லை. கடைசியில் சொல்லி முடித்தார்: "முடியலன்னா... வந்துர்ரா."

அன்றைக்கு வாசலில் உன்னிடம் அவர் சொல்ல வந்தது அது. மேலே இவ்வளவும் எழுதியது நான், இது அவர் சொன்னது. அவர் சொன்னதில் நான் ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை.

அம்மா